முதல் நாளே படுத்துவிட்ட எலியா

ஆண்டின் பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
1 அரசர்கள் 19:4-8, எபேசியர் 4:30 – 5:2, யோவான் 6:41-51



எலியா முதல் நாளே படுத்துவிட்டார். இன்றைய முதல் வாசகத்தைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவர் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார் என்பதுதான் மனதில் நிற்கும். அந்த நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு நாள் இருக்கிறது. பாலைநிலத்துக்குள் ஒரே ஒரு நாள் வழிநடை. அந்த ஒரு நாளிலேயே இறைவாக்கினர் ஓய்ந்துபோய், ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, இனி உயிரோடிருந்து என்ன என்று கடவுளிடம் முறையிட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார்.

யார் இந்த எலியா? கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனி ஆளாக நின்றவர். மழை இருட்டிக்கொண்டு வந்தபோது அரசன் ஆகாபின் தேருக்கு முன்னால் ஓடியே ஊர்வந்து சேர்ந்தவர். அடுத்து அரசி ஈசபேலின் கொலை மிரட்டல். உயிர் பிழைக்க வடக்கேயிருந்து தென்கோடிப் பெயேர்செபா வரைக்கும், ஏறத்தாழ 150 கிலோமீட்டர், வேற்று அரசின் மண்ணுக்கு வருகிறார். கூட வந்த பணியாளரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் பாலைநிலத்தில் கால் வைக்கிறார். ஆக, சூரைச்செடிக்கு அடியில் அவரைச் சாய்த்தது அந்த ஒரு நாள் நடை மட்டுமல்ல. புறப்படும்போதே அவரோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்த களைப்பு அது.

இந்தக் களைப்பைக் கடந்த மே மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் தங்கை குடும்பத்தோடு நான் நியூசிலாந்துக்குப் போயிருந்தது உங்களுக்குத் தெரியும். கோவில் கூரை ஒழுகும்போது சாமியாருக்கு வெளிநாடு கேட்கிறதா என்று இரண்டொருவர் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. டிக்கெட் மைத்துனர் எடுத்தது. கூரை வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. தங்கை வீட்டார் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்களும் இல்லை. எனவே தைரியமாகவே பேசலாம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம். அங்கே காத்திருந்து மறு விமானத்தில் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பத்து மணி நேரம். இறங்கும்போது அங்கே காலை பத்தரை. நம் உடம்புக்கோ விடியற்காலை நான்கு. வெளிநாடு போய்க் கார் எடுத்து ஊர் ஊராகச் சுற்றுவது என்றால் படத்தில் மலையும் ஏரியும்தான் வரும். முதல் நாள் படத்தில் வராது. முதல் நாள் என்பது வரிசையில் நிற்பது.

நியூசிலாந்தில் விவசாயமும் காடும்தான் நாட்டின் உயிர். வெளியிலிருந்து ஒரு விதை, ஒரு பூச்சி, செருப்பில் ஒட்டிய மண்கூட உள்ளே போய்விடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொருள் வைத்திருந்து சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். என் தங்கை பயந்துபோய்ப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் என்று ஒன்று விடாமல் படிவத்தில் எழுதிவிட்டாள். அதனால் தனி வரிசை. மைத்துனருக்கு அப்போதே முகம் மாறிவிட்டது. “இதெல்லாம் அங்க கிடைக்காதா? உன் புளிக்காய்ச்சலுக்காக ஒரு மணி நேரம் போச்சு” என்றார். அதிகாரி, நடுவயதுப் பெண்மணி, புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து என் பை. திருப்பலிக்கான சிறு பெட்டியில் இன்னும் அர்ச்சிக்கப்படாத அப்பங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. நானும் எழுதிக் கொடுத்திருந்தேன். இது என்ன என்று கேட்டார். கோதுமை அப்பம் என்றேன். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவு மெல்லியது, விரல் தெரிந்தது. இது சாப்பிடுவதற்கா என்றார். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். இன்றைய நற்செய்தியில் இயேசு தம்மை உணவு என்று சொன்னதற்கு யூதர்கள் முணுமுணுக்கிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் இப்போது அந்தப் பெண்மணியின் முகம் நினைவுக்கு வருகிறது. அவர் கேட்டது நேர்மையான கேள்வி. முணுமுணுத்தவர்களுக்குக் கேள்வியே இல்லை. இவனுடைய அப்பா அம்மாவை நமக்குத் தெரியாதா என்று முன்னமே முடிவுகட்டி விட்டார்கள்.

வாடகைக் காரை வாங்கி வெளியே வரும்போது மதியம் ஒரு மணி. அன்று இரவு தங்க அறை போட்டிருந்தது டெக்காப்போ ஏரிக்கரையில். ஏறத்தாழ 225 கிலோமீட்டர். நிற்காமல் போனால் மூன்று மணி நேரம். நம் ஊர் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பெரிய கஷ்டமில்லை என்று மைத்துனர் நினைத்தார். சாலையில் கஷ்டமில்லைதான். கேன்டர்பரி சமவெளி மேசைபோல இருக்கிறது. சாலை நூல் பிடித்ததுபோல நேராகத் தெற்கே போகிறது. வலப்பக்கம் தூரத்தில் பனிமலை. ரக்காயா ஆற்றின் மேல் அந்த நாட்டிலேயே நீளமான சாலைப்பாலம், ஒன்றே முக்கால் கிலோமீட்டர். கீழே ஆறு ஒரே ஓடையாக ஓடாமல் பல கால்களாகப் பிரிந்தும் கூடியும் கூழாங்கல் படுகையில் பின்னிக்கொண்டு போகிறது. குண்டும் குழியுமான சாலையில் யாருக்கும் தூக்கம் வராது. ஆபத்து இப்படி நேரான சாலையில்தான்.

மைத்துனர் கொட்டாவி விட்டார். ஜன்னலை இறக்கினார், குளிர்கிறது என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஏற்றினார். வண்டி ஒருமுறை ஓரத்து வெள்ளைக்கோட்டைத் தொட்டு மீண்டது. தங்கை சொன்னாள்: “நிப்பாட்டுங்க. கொஞ்ச நேரம் தூங்கிட்டுப் போலாம்.” அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய மறையுரையே அந்தப் பதிலைப் பற்றித்தான். “ரூமுக்குக் காசு கட்டியாச்சு. இருட்டுறதுக்குள்ள ஏரியைப் பாக்கலன்னா ஒரு நாளே வேஸ்ட்.”

பிறகு சண்டை. அதில் புளிக்காய்ச்சல் வந்தது, போன வருடம் ஊட்டிக்குப் போனது வந்தது, மாமியார் வந்தார். பின்னால் நானும் பிள்ளைகளும் ஜன்னலுக்கு வெளியே ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குடும்பங்களின் சண்டையில் பாதிக்கு மேல் கொள்கைச் சண்டை இல்லை என்பது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்கிற எந்தக் குருவுக்கும் தெரியும். தூக்கமில்லாதவன் பேசுவது, பசித்தவள் பதில் சொல்வது. புனித பவுல் எபேசு மக்களுக்கு எழுதும்போது கசப்பையும் கோபத்தையும் கூச்சலையும் பழிபேச்சையும் விட்டுவிடச் சொல்கிறார். அதற்குச் சற்று முன்னால், கோபத்தோடு சூரியன் மறையவிடக் கூடாது என்றும் சொல்கிறார். மே மாதத்தில் அங்கே மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நம் ஊரில் அப்போது காலை பதினொன்றுகூட ஆகியிருக்காது. எந்த ஊர்ச் சூரியன் என்று பவுல் சொல்லவில்லையே என்று மைத்துனர் பிற்பாடு என்னிடம் வாதாடினார். எது முதலில் மறைகிறதோ அது என்று சொல்லி வைத்தேன்.

சண்டை ஓய்ந்து வண்டிக்குள் அமைதி வந்தபோது அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “சாமி, ஜெபமாலை ஆரம்பிங்க. தூக்கம் வராம இருக்கும்” என்றார்.

“ஜெபமாலை சொன்னா உங்களுக்கு இன்னும் நல்லாத் தூக்கம் வரும் மாப்பிள்ளை. வண்டியை ஓரங்கட்டுங்க” என்றேன்.

சிரிக்கிறீர்கள். பக்தியைக் கேலி செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆண்டவர் கொடுத்த தூக்கத்தை ஜெபத்தால் விரட்டுவது பக்தியில் சேராது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவர் வண்டி ஓட்டும்போது தடுமாறுவது, நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் மது குடித்தவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டுவது பாவம் என்று எல்லாருக்கும் தெரியும்; தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதை மட்டும் உழைப்பு என்று மெச்சுகிறோம். 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கானின் குடிபெயர்ந்தோர், பயணிகளுக்கான மேய்ப்புப்பணி அவை, சாலைப் பயணம் பற்றி ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. அதில் வாகன ஓட்டிகளுக்கென்றே பத்துக் கட்டளைகள் உண்டு. முதலாவது, கொலை செய்யாதே என்பதுதான். ஆறாவது, ஓட்டும் நிலையில் இல்லாதவரை, இளைஞரோ பெரியவரோ, அன்போடு எடுத்துச் சொல்லித் தடுக்க வேண்டும் என்பது. அன்போடு என்ற சொல்லைத் தங்கைக்கும் அழுத்திச் சொன்னேன்.

ஜெரால்டீன் என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்தினோம். மைத்துனர் இருக்கையைச் சாய்த்தார். பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை; அப்படியே தூங்கிவிட்டார். தங்கையும் தூங்கினாள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கடையில் அரிசியும் பாலும் முட்டையும் வாங்கிவந்தேன். இருவரும் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அந்த நேரத்தில்தான் எலியாவின் கதையை நிதானமாக நினைத்துப் பார்த்தேன். உயிரே வேண்டாம் என்கிற ஒரு மனிதரிடம் கடவுள் என்ன பேச வேண்டும்? கர்மேலில் நான் செய்ததை அதற்குள் மறந்துவிட்டாயா என்று கேட்கலாம். இஸ்ரயேலில் உனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று நினைவூட்டலாம். வானதூதர் எதையும் கேட்கவில்லை, கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடச் சொல்கிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். எலியா தின்றார், குடித்தார். அப்புறம்? புத்துணர்ச்சி பெற்றுப் புறப்பட்டார் என்றுதானே நாம் எழுதியிருப்போம்? அவர் மறுபடியும் படுத்துத் தூங்கினார். விவிலியத்தில் எனக்கு மிகப் பிடித்த வரிகளுள் அது ஒன்று. வானதூதர் வந்து எழுப்பி, வானதூதர் கையால் சாப்பிட்டு, திரும்பப் படுத்துக்கொள்கிற ஓர் இறைவாக்கினர்! வானதூதரும் சலித்துக்கொள்ளாமல் இரண்டாம் முறை வருகிறார். உன் வழி உன் பலத்துக்கு மிஞ்சியது என்பதுபோல ஒரு பேச்சு அப்போதுதான் பேசுகிறார். வழியைப் பற்றிய பேச்சே இரண்டாவது சாப்பாட்டின்போதுதான் வருகிறது, கவனித்தீர்களா?

இன்னொன்றையும் பாருங்கள். பெயேர்செபாவிலிருந்து, மரபுப்படி ஓரேபு, அதாவது சீனாய், என்று காட்டப்படும் மலைக்கு நேர்தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நம் இளைஞர்கள் காவி உடுத்தி சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்களே, அதுவும் 300 கிலோமீட்டருக்கு மேல்தான். அவர்கள் இரண்டு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். எலியாவுக்கு நாற்பது நாள். நாற்பது என்பது விவிலியத்தில் நிறைவைக் குறிக்கும் எண் என்று அறிஞர்கள் சொல்வார்கள், இருக்கட்டும். ஆனாலும் வானதூதரின் அப்பத்தைச் சாப்பிட்டவர் நம் பங்கு இளைஞர்களைவிட மெதுவாகப் போனார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். அவரைச் சீக்கிரம் வரச்சொல்லி ஓரேபிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை.

காசு கட்டியாச்சு என்ற பேச்சுக்கு இப்போது வருகிறேன். மைத்துனர் கஞ்சர் இல்லை. வருடம் முழுக்கக் காலை எட்டுக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவர். லீவு கேட்டு, மறுக்கப்பட்டு, மறுபடியும் கேட்டு வாங்கியவர். கடைசி நாள்கூட இரவு பதினொன்று வரை மடிக்கணினியில் இருந்துவிட்டுத்தான் விமான நிலையம் வந்தார். அப்படி வாங்கிய ஓய்வை வீணாக்கக் கூடாது என்ற பதைப்பு அவருக்கு. வேலையில் பழகிய கை ஓய்வையும் வேலையாகவே செய்கிறது. இத்தனை மணிக்கு ஏரி, இத்தனை மணிக்கு மலை, விட்டால் நஷ்டம். ஓய்வு என்பது நாம் உழைத்துச் சம்பாதித்தது என்று நினைக்கிறவரைக்கும் அதிலும் இலாப நட்டக் கணக்குப் பார்த்துக்கொண்டேதான் இருப்போம்.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு நாளும் மாலையில் தொடங்கிக் காலைக்கு வருகிறது. யூத மக்கள் இன்றும் மாலையிலிருந்துதான் நாளைக் கணக்கிடுகிறார்கள். நம் திருச்சபையும் ஞாயிறை சனி மாலையே தொடங்கிவிடுகிறது. ஆக, நாளின் முதல் வேலை தூங்குவது. மனிதன் படைக்கப்பட்டதோ ஆறாம் நாள். அவன் முழுதாகக் கண்ட முதல் நாள் எது? ஏழாம் நாள், ஓய்வுநாள். ஒரு களை பிடுங்கவில்லை, ஒரு மாட்டுக்குப் பெயர்கூட வைத்திருந்தானோ என்னவோ, அதற்குள் அவனுக்கு விடுமுறை! கடவுள் ஓய்வைக் கூலியாகக் கொடுக்கவில்லை. அட்வான்ஸாகவே கொடுத்துவிட்டார். அப்படியிருக்க, முதல் நாள் களைத்துப்போய் ஒன்றும் பார்க்காமல் படுத்துக்கொண்டால் எது வீணாயிற்று?

நாங்கள் டெக்காப்போ போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பனிப்பாறை அரைத்த கல்மாவு கலந்து நீலப்பச்சையாகத் தெரியும் அந்த ஏரி இருக்கிற திசைகூடத் தெரியவில்லை. அந்தப் பகுதி இருண்ட வானத்துக்கென்று 2012ஆம் ஆண்டில் உலக அளவில் அங்கீகாரம் பெற்றது. விண்மீன் பார்க்கவே ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எங்களில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மைத்துனர் போன் வெளிச்சத்தில் சாவிப்பெட்டியின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். பையன் நின்றபடியே தூங்கினான். உள்ளே போனதும் தங்கை ஒரு வார்த்தை பேசாமல் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். சோறு வெந்ததும் புட்டியைத் திறந்து புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்து ஆளுக்கொரு தட்டில் கொடுத்தாள். முட்டையை அவித்து இரண்டாக வெட்டி வைத்திருந்தாள். முதல் வாய் வைத்ததும் மைத்துனர் தலையை நிமிர்த்தவில்லை. இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது, “காலைல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா” என்றார். அவள், “சாப்பிடுங்க” என்றாள். வானதூதர் சொன்னதற்குமேல் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் நாங்கள் எழுந்தபோது பத்து மணிக்கு மேல். உடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போலத்தான் புது ஊர் நேரத்துக்கு நகரும்; அதை யாரும் பிடித்துத் தள்ள முடியாது. ஏரிக்கரையில் நல்மேய்ப்பர் ஆலயம் என்று 1935இல் கட்டிய சின்னக் கற்கோவில் இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் படமோ சுரூபமோ இல்லை. பெரிய கண்ணாடி ஜன்னல், அதில் ஏரியும் மலையும். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்பதால் சுற்றுலாப் பேருந்துகளில் வந்தவர்கள் வெளியே நின்று படமெடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அங்கே போவதற்கு முன்பே, தங்கியிருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்துத் திருப்பலி நிறைவேற்றினேன். அந்த அதிகாரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அப்பம்தான். இது சாப்பிடுவதற்கா என்று அவர் கேட்டதற்கு முழுப் பதில் அந்த மேசையில் இருந்தது.

இயேசு தம்மை உணவு என்று சொன்னபோது, வெற்றிபெற்றவர்களுக்கான விருந்து என்று சொல்லவில்லை. பாலைநிலத்தில் மன்னாவைத் தின்ற மக்களை நினைவுபடுத்தியே பேசுகிறார். அவர்கள் எகிப்திலிருந்து புறப்பட்டுச் செங்கடல் தாண்டிய மூன்றாம் நாளே தண்ணீர் கசக்கிறது என்று முறுமுறுக்கத் தொடங்கியவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கடவுள் கொடுத்தார். மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தது புழுத்துப்போயிற்று. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு நற்கருணை கொடுப்பதை வழியுணவு என்கிறோம். வழி முடியப்போகிறவருக்கே வழியுணவு என்றால், முதல் நாளே முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டவருக்கு அதை ஆண்டவர் மறுப்பாரா? இங்கே வரிசையில் வரும்போது சிலர் என்னிடம் தயங்குகிறீர்கள். ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை சாமி, களைப்பாகவே இருக்கிறது சாமி என்கிறீர்கள். எலியா என்ன தகுதியோடு படுத்திருந்தார்?

இன்னும் சில நாளில் நம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் புறப்படுகிறது. திருப்பலி முடிந்ததும் நடக்கப் போகிறவர்கள் பீடத்துக்கு முன்னால் வாருங்கள்; ஆசி கொடுத்து அனுப்புகிறேன். முதல் நாளே 40 கிலோமீட்டர் என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்தப் பட்டியலை எழுதியவர் என்னை வந்து பார்க்கட்டும். பாதியாக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். முன்னால் போகும் வண்டி ஓட்டுகிறவர் இரவு தூங்கியவராக இருக்க வேண்டும். இருவர் மாறி மாறி ஓட்டுங்கள். மாதா சபையினர் முதல் நாள் இரவுச் சாப்பாட்டைப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டேன். புளிசாதமும் அவித்த முட்டையுமாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.